நாலு பத்துத் துண்டிப்பு

2001 ஜூன் 11, திங்கள். மாலை 5.20.

ஏழாவது துண்டிப்பு. முந்தைய ஆறும், மோடம் மாட்டிய இந்த ஒரு மாதத்தில் பழகிப் பார்த்தபோது வந்தவை.

கோளாறு வந்தால் உடனே கையை வைக்காதே, முதலில் நேரத்தைக் குறித்து வை. பாலிடெக்னிக்கில் மூன்று வருடம் படித்ததில் உருப்படியாகக் கற்றது இது ஒன்றுதான். அதற்காகவே இந்த நோட்டு.

நிலவரம்: கோவில்பட்டி, எங்கள் வீட்டு முன்னறை. ஒரே போன் லைன். அதில்தான் மோடம். பெங்களூரில் ஒரு நிறுவனம் பழைய காகித வரைபடங்களை ஸ்கேன் செய்து அனுப்புகிறது. நான் அவற்றைக் கணினியில் மறுபடி வரைந்து திருப்பி ஏற்ற வேண்டும். இன்று முதல் ஜூன் 29 வரை பரீட்சார்த்தம். அவர்கள் சர்வரில் எனக்கு ஒதுக்கிய நேரம் 3.30 முதல் 5.00 வரை. மூன்று தடவை தாமதமானால் பெயரை எடுத்துவிடுவார்கள். தேறினால் பெங்களூரில் வேலை. படிப்பு முடித்து ஒரு வருடமாக எனக்கு வந்திருக்கும் ஒரே வாய்ப்பு இது.

என் கோப்பு ஏற 50 நிமிடம் ஆகும். 3.30க்குத் தொடங்கினால் 4.20க்கு முடிய வேண்டும். 4.10க்கு அறுந்தது. மறுபடி முதலிலிருந்து. 5.05க்கு முடிந்தது. ஐந்து நிமிடத்தில் முதல் தாமதம்.

நான் போட்ட கூச்சலைக் கேட்டு, நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா தலையைத் தூக்கினார்.

"கட் ஆயிட்டாடே?"

"ஆயிட்டு."

"சரி."

பேப்பரை மடித்துவைத்துவிட்டு, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "கோமதி, காப்பி" என்றார். மகன் பிழைப்பு அறுந்துபோகிறது, இவருக்குக் காப்பி.

ஜூன் 12, செவ்வாய்

காலையில் போன் ஒயரை மாற்றினேன். சுவர்ப் பெட்டியில் பச்சை பிடித்திருந்த திருகுகளைச் சுரண்டி முறுக்கினேன். மோடத்தை டிவியிலிருந்து தள்ளி வைத்தேன்.

இன்று கோப்பு சிறியது. 3.55க்கே முடிந்து இணைப்பை நானே எடுத்துவிட்டேன். 4.10க்குப் போன் இரண்டு தடவை அடித்து நின்றது. எடுக்கப் போனேன். அடுப்படியிலிருந்து அம்மா, "விடுய்யா, ராங் நம்பரா இருக்கும்" என்றாள். அடிக்கும்போதே மிக்ஸி வேறு ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்திலும் அவளுக்குக் கேட்டிருக்கிறது.

மின்னஞ்சல் பெட்டி: மொத்தம் 14. குப்பை 10. பெங்களூர் 1. திறக்கப்போவதில்லை என்று வைத்திருப்பவை 3.

ஜூன் 13, புதன்

எட்டாவது. 4.10. மறுபடி ஏற்றி 4.56க்குத் தப்பித்தேன்.

துண்டிப்புகளை வரிசையாகப் பார்த்தேன். எல்லாம் 4.10க்கும் 4.14க்கும் இடையே. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிடையாது. நேரம் பார்த்து வருகிற கோளாறுக்கு நேரம் பார்த்து நடக்கிற ஏதோ ஒன்றுதான் காரணம். சுற்றிலும் பார்த்தேன். பிடித்துவிட்டேன்.

மிக்ஸி.

அம்மா தினமும் 4.08க்கு மிக்ஸி போடுகிறாள். மோட்டார் கார்பனில் பொறி பறக்கிறது. அந்த இரைச்சல் லைனில் ஏறுகிறது. போய்ச் சொன்னேன்.

"யம்மா, நாலு மணிக்கு என்ன சட்னி?"

"தேங்காச் சட்னி."

"தோசை எட்டு மணிக்குத்தான? நாலு மணிக்கு எதுக்கு அரைக்க?"

"எனக்கு எப்பத் தோணுதோ அப்ப அரைப்பேன். ஒன் பொட்டியக் கேட்டுத்தான் நான் சட்னி அரைக்கணுமா?"

இந்த வீட்டில் ஒரு வருடமாகத் தினமும் தேங்காய்ச் சட்னி. பாதி கீழே போகிறது.

சாயங்காலம் அம்மா கடைக்குப் போய் வந்தாள். பையில் கத்திரிக்காய், அதன் அடியில் இரண்டு டஜன் கண்ணாடி வளையல், பச்சையும் சிவப்பும். அவள் கைக்குச் சேராத அளவு. "யாருக்கு?" என்றேன். "கடைக்காரன் மாத்திக் குடுத்துட்டான்" என்றாள். மாற்றிக்கொள்ள வேண்டியதுதானே. பீரோவில் துணிக்கு அடியில் வைத்தாள்.

ஜூன் 14, வியாழன்

சோதனை: 3.25க்கு அம்மாவுக்குத் தெரியாமல் அடுப்படி ஃபியூஸைப் பிடுங்கினேன்.

4.08: அம்மா மிக்ஸியைத் தட்டிப் பார்த்தாள். ஓடவில்லை. இரும்பு உரலை இழுத்துப் போட்டு எதையோ இடிக்க ஆரம்பித்தாள். பார்த்தால் வெறும் உப்பு.

4.11: துண்டிப்பு, எண் 9. அறுந்த கையோடு போன் 'டிரிங்' என்று பாதி மணி மட்டும் அடித்து ஓய்ந்தது. இதை முன்பும் கவனித்திருக்கிறேன். லைனில் மின்னழுத்தம் குதிக்கிறது போல.

முடிவு: மிக்ஸி நிரபராதி.

5.07க்கு முடிந்தது. இரண்டாவது தாமதம். பெங்களூரிலிருந்து மடல்: இன்னும் ஒன்றுதான் பாக்கி. வேறு நேரம் கேட்டிருந்தேன். ஒரு நேரமும் காலி இல்லையாம்.

அப்பா: "கட் ஆயிட்டாடே?" சட்டையைக் கழற்றினார். காப்பி. கணக்கு வாத்தியார், நாலு மணிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து சைக்கிளை மிதித்து வேர்த்துக் கொட்டி வருகிறவர், எதற்காகப் பத்து நிமிடம் சட்டையோடு உட்கார்ந்திருக்கிறார் என்று புரியவில்லை. மோடத்துக்குத் தொடர்பில்லாதது.

ஜூன் 15, வெள்ளி

லைன்மேன் மாசானம் அண்ணாச்சி 3.45க்கு வந்தார். முன்னறையில் பார்த்தார். பிறகு வெளியே திண்ணைச் சுவரில் இருக்கும் பெட்டியைத் திறந்து, தோளில் தொங்கிய சோதனை போனை ஒயரில் மாட்டிக் காதில் வைத்துக்கொண்டார். உள்ளே கோப்பு ஏறிக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் நின்றேன்.

"லைன் சுத்தமா இருக்கு தம்பி. ஒம்ம மிஷினு கொசு மாதிரி கத்துது. வேற ஒண்ணும் இல்ல."

"நாலு பத்து வரைக்கும் நில்லுங்க அண்ணாச்சி."

"நாலு பத்துக்கு என்ன, நல்ல நேரமா?"

4.10. அவர் முகம் மாறியது. போனை என் காதில் வைத்தார். மோடம் இரைச்சலுக்கு மேலே, பீப். சற்று விட்டு, பீப். இரைச்சல் நின்றது. துண்டிப்பு எண் 10.

"அட, கால் வெயிட்டிங்கு! நீரு பேசிக்கிட்டு இருக்கும்போது இன்னொருத்தன் கூப்பிட்டா அந்தப் பீப்பு வரும். மனுசன்னா 'செத்த இருங்க'ம்பான். ஒம்ம மிஷினு பயந்து போனை வச்சுருது."

"நாங்க அதெல்லாம் போடலயே."

"போன மாசம் ஒங்க அப்பா எழுதிக் குடுத்தாரு. நாந்தான் வாங்கிட்டுப் போனேன். மறந்துட்டாரா சாரு?"

கோளாறு தெரிந்துவிட்டது. ஒயரைச் சுரண்டியது வீண். அப்பாவுக்குக் கால் வெயிட்டிங் எதற்கு? டியூஷன் பையன்கள் கூப்பிடுவார்கள் என்று போட்டிருப்பார். போய்க் கேட்டால் ஒரு மணி நேரம் உபதேசம். கேட்கப்போவதில்லை. எடுத்துவிட்டால் தீர்ந்தது.

உள்ளே அப்பா காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

(இன்றைய கோப்பு சிறியது. தப்பித்தேன்.)

ஜூன் 16, சனி

காலை 10 மணி, தொலைபேசி நிலையம். வசதியை நீக்க சந்தாதாரர் கையெழுத்து வேண்டுமாம். வெளியே போய் வேப்பமரத்தடியில் யாரோ நிறுத்தியிருந்த ஸ்கூட்டர் சீட்டில் வைத்து, 'ச. ஆவுடையப்பன்' என்று அப்பா கையெழுத்தை நானே போட்டேன். மார்க் ஷீட்டில் போட்டுப் பழகிய கைதான்.

மதியமே எடுத்துவிட்டார்கள். 3.30 முதல் 4.20 வரை, 50 நிமிடம், ஒரு அசைவு இல்லை.

ஜூன் 17, ஞாயிறு

விடுமுறை.

ஜூன் 18, திங்கள்

துண்டிப்பு இல்லை. 4.21க்கு முடிந்தது.

அப்பா 4.30க்கும் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். பேப்பரில் அதே பக்கம். "காப்பி போடட்டா?" என்று அம்மா கேட்டதற்கு, "இருக்கட்டும், செத்த நேரம்" என்றார்.

ஜூன் 19, செவ்வாய்

துண்டிப்பு இல்லை. சட்னி மட்டும் இருக்கிறது.

ஜூன் 20, புதன்

துண்டிப்பு இல்லை. பெங்களூரிலிருந்து, வரைபடம் சுத்தமாக இருப்பதாக ஒரு வரி வந்தது. அம்மாவிடம் சொன்னேன். "நல்லதுய்யா" என்றாள், ரசத்தில் இரண்டாவது தடவை உப்பைப் போட்டபடி.

ஐந்து மணிக்கு அப்பா கேட்டார்.

"இன்னிக்குக் கட் ஆகலையாடே?"

"இன்னிக்கு மட்டுமா? சனிக்கிழமையில இருந்தே ஆகல. சரி பண்ணிட்டேன்லா!"

"என்ன பண்ணுன?"

"ஒயரு லூசு. முறுக்கிட்டேன்."

"சனிக்கிழமையில இருந்தா?" என்றார். விரல் விட்டு எண்ணினார். கணக்கு வாத்தியார் விரல் விட்டு எண்ணி நான் பார்த்ததில்லை.

ஜூன் 21, வியாழன்

துண்டிப்பு இல்லை. அம்மா பக்கத்து வீட்டுக்குப் போய், நம் நம்பருக்கு ஒரு தடவை அடித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறாள். காலை 11க்கு அடித்தது. நன்றாகத்தான் அடிக்கிறது. "இப்ப எதுக்கு இந்தச் சோதனை?" என்றேன். "சும்மா" என்றாள். போன் மேல் படிந்திருந்த தூசியை முந்தானையால் துடைத்துவிட்டுப் போனாள்.

ஜூன் 23, சனி

திறக்கப்போவதில்லை என்று வைத்திருப்பவை இப்போது 4.

எழுதாமல் விட்டால் நோட்டு முழுமையாகாது என்பதால் எழுதுகிறேன். அந்த நான்கும் என் அக்கா உலகம்மாள் அனுப்பியவை. போன வருடம் மார்ச்சில், எனக்குக் கடைசி செமஸ்டர் நடக்கும்போது, ஒருவரோடு திருப்பூருக்குப் போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். "இனி அந்தப் பேரு இந்த வீட்டுல கேக்கக்கூடாது" என்றார் அப்பா. கேட்பதில்லை. அதற்கு ஒரு வாரம் முன்பு பேருந்து நிலையத்தில் இருவரையும் பார்த்தது நான். அப்பாவிடம் சொன்னதும் நான். பார்த்ததைச் சொன்னேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை. அதற்குப் பிறகுதான் அப்பா அவளை வேலைக்குப் போகவிடாமல் நிறுத்தினார், அதற்குப் பிறகுதான் அவள் போனாள் என்றால், அந்த வரிசைக்கு நான் பொறுப்பில்லை.

துண்டிப்பு இல்லை.

ஜூன் 25, திங்கள். மாலை 6.20.

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

3.30க்கு ஏற்றத் தொடங்கினேன். பெரிய கோப்பு. 3.50க்கு அப்பா வந்தார். இன்று பள்ளிக்கூடத்துக்கே போகவில்லையாம். மாசானம் அண்ணாச்சி பின்னால் நின்றார். என்னைப் பார்த்து, "எனக்கென்ன தெரியும் தம்பி, சாரு கேட்டாரு" என்று சொல்லிவிட்டு வாசலோடு நழுவினார்.

அப்பா ஒரு தாளை மேசையில் வைத்தார். என் விண்ணப்பம்.

"இது ஆரு போட்ட கையெழுத்து?"

"நாந்தான்."

"எம் பேருல?"

"ஒங்க பேருலதான லைன் இருக்கு. அந்த எழவு கால் வெயிட்டிங்காலதான் எனக்குத் தினமும் அறுந்துச்சு. எதுக்குப்பா அது நமக்கு? மணிக்கு நூறு பேரா கூப்பிடுதான்?"

அடிப்பார் என்று நினைத்தேன். உட்கார்ந்தார்.

"நீ இந்தப் பொட்டிய மாட்டுனதுல இருந்து நாலு மணிக்கு லைன் எங்கேஜ்டு. அவ கூப்பிட்டா போகாது. அதுக்குத்தாம்டே எழுதிக் குடுத்தேன்."

"எவ?"

அடுப்படி வாசலில் அம்மா நின்றாள். கையில் தேங்காய் மூடி.

"ஒங்களுக்கு... தெரியுமா?" என்றாள்.

"என்ன தெரியுமா? தினம் நாலு பத்துக்கு ரெண்டு தடவ மணி அடிக்கும். ரெண்டு அடிச்சா நல்லா இருக்கேன்னு அர்த்தம். எடுத்தா பூத்துல காசு போயிரும்னு நீ எடுக்க மாட்ட. ஒரு வருசமா நடக்கு. நான் வேர்வையோட வந்து இந்தச் சேர்ல ஒக்காருதது பேப்பர் படிக்கவா?"

"பாவி மனுசா!" என்றாள் அம்மா. அப்பாவை அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "ஒங்க காதுல விழுந்துறக்கூடாதுன்னுலா நான் மிக்ஸியப் போடுதேன்! ஒரு வருசமா எத்தன தேங்கா!"

"நீ மிக்ஸி போட்டாத்தான் எனக்கே தெரியும், மணி நாலு எட்டுன்னு."

"அப்ப இந்த மோடம் வந்த பொறவு? மணி அடிக்காதே?"

"ஒம் மவன் கத்துவாம்லா, கட் ஆயிட்டுன்னு. அதான் மணி."

அம்மா சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறாக மாறியது. "நானும் அதத்தான் வச்சுக்கிட்டேன். இவன் கத்துன ஒடனே ஒரு பாதி மணி அடிக்கும். அடிச்சா வயிறு குளுந்துரும். ஒம்பது நாளாச்சு. ஒம்பதாம் மாசக்காரி. என்ன ஆச்சோ ஏதாச்சோ..."

வளையல் யாருக்கு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு வாரமாக நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன்: மிக்ஸி, சட்டை, காப்பி, பாதி மணி, ஞாயிறு இல்லை. திருப்பூரில் அக்கா போகிற பனியன் கம்பெனிக்கு ஞாயிறு விடுமுறை. தகவல் அத்தனையும் என் கையெழுத்தில் இருக்கிறது. இடத்தை மட்டும் தப்பாகத் தேடியிருக்கிறேன்.

மணி 4.08. கோப்பு 76 சதவீதம் ஏறியிருந்தது. இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். எடு என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

4.09க்கு மோடத்து ஒயரைப் பிடுங்கினேன். துண்டிப்பு எண் 11. காரணம்: நான்.

மூவரும் போன் முன்னால் உட்கார்ந்தோம். மிக்ஸி ஓடவில்லை. 4.10. 4.14. 4.20. அப்பா ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்து, டயல் டோன் இருக்கிறது என்று தலையாட்டி, அவசரமாகத் திரும்ப வைத்தார். 4.40. அடிக்கவில்லை.

"எங்கேஜ்டு கேட்டுக் கேட்டு விட்டுட்டா" என்றார் அப்பா. "நம்பர மாத்திட்டோம்னு நெனச்சிருப்பா. நாமளா கூப்பிட ஒரு நம்பரும் இல்ல. ஊரு தெரியும், தெரு தெரியாது."

"எனக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றேன்.

மறுபடி மோடத்தை மாட்டினேன். முதல் முயற்சியிலேயே இணைப்பு கிடைத்தது. நான்கு மடல்களையும் வந்த வரிசையில் திறந்து உரக்கப் படித்தேன். ஆங்கில எழுத்தில் தமிழ். முதல் மூன்றும் எனக்கு: கடைசி செமஸ்டர் எப்படி எழுதினாய், வேலை கிடைத்ததா, பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை, படித்தால் போதும். மூன்றாவதில் வீட்டு முகவரியும், ஆத்திரத்துக்குப் பக்கத்துப் பூத் நம்பரும் இருந்தன. ஏப்ரலில் அனுப்பியது.

நான்காவது இது:

"கைலாசு, ஒரு வாரமா லைன் எங்கேஜ்டாவே இருக்கு. அப்பாவுக்குத் தெரிஞ்சு எடுத்து வச்சுட்டாங்களா? நீயாவது அம்மாகிட்டச் சொல்லு. புதன்கிழமை இங்க பக்கத்து வீட்டு அக்காமாரு எனக்கு வளையல் போடுதாங்க. அம்மா வர முடியாதுன்னு தெரியும். அன்னைக்கு நாலு பத்துக்கு ஒரே ஒரு தடவை அடிச்சுப் பார்க்கேன். போச்சுன்னா அம்மா அங்கேருந்தே கும்பிட்டுக்கிடட்டும். அப்பவும் எங்கேஜ்டுன்னா, வேண்டாம்னு வச்சிட்டீங்கன்னு எடுத்துக்கிடுதேன். பொறவு அடிக்க மாட்டேன்."

அம்மா திரையைத் தொட்டாள், அந்த எழுத்து இருந்த இடத்தில். அப்பா கேட்டார்: "எத்தனாந் தேதி போட்டிருக்கா?"

"சனிக்கிழமை."

"நீ எப்பப் பாத்த?"

"சனிக்கிழமை. வந்ததைப் பாத்தேன். தொறக்கல."

"சரி" என்றார். துண்டிப்புகளுக்குச் சொல்கிற அதே 'சரி' இல்லை இது. எழுந்து வெளியே போனார். முற்றத்தில் சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டும் சத்தம் கேட்டது. எங்கே என்று கூப்பிட்டுக் கேட்டேன். "பூமாலைக் கடைக்கு" என்றார்.

பூத் நம்பரைச் சுழற்றிப் பார்த்தேன். பூத்தில் ஆள் இல்லை போல. எடுக்கவில்லை.

இனிச் செய்ய வேண்டியவை:

1. அக்காவுக்கு ஒரு வரி மடல். "புதன்கிழமை அடிக்க வேண்டாம், ஆள் வருகிறோம்." அவள் திறக்காமலும் போகலாம். எனக்கு அதைக் குறை சொல்ல யோக்கியதை இல்லை.

2. பெங்களூருக்கு மடல். மூன்றாவது தாமதம். காரணம் 'லைன் கோளாறு' என்று எழுதப்போவதில்லை. லைனில் கோளாறு இல்லை. இணைப்பை எடுத்தது நான் என்று எழுதுவது. பெயரை எடுத்தால் எடுக்கட்டும்.

3. நாளைக் காலை 6 மணி மதுரை பஸ், அங்கிருந்து திருப்பூர். மூன்று பேர். வளையல் டப்பாவை மடியிலேயே வைத்துக்கொள்ளச் சொல்வது.

4. கால் வெயிட்டிங்கைத் திரும்பப் போட விண்ணப்பம். இன்றே எழுதிப் போகிற வழியில் மாசானம் அண்ணாச்சி வீட்டில் கொடுப்பது. கையெழுத்தை அப்பாவே போடுவார்.

5. பேருந்து நிலையத்தில் பார்த்ததை அப்பாவிடம் சொன்னது நான் என்று அக்காவிடம் நேரில் சொல்வது. அவளுக்குத் தெரிந்துதான் இருக்கும். தெரிந்துகொண்டேதான் நான்கு மடல் போட்டிருக்கிறாள். இருந்தாலும் சொல்வது.

6. புதன்கிழமை மாலை 4.10க்கு அவள் வீட்டில் எல்லாரும் இருக்கும்போது, பக்கத்துப் பூத்துக்குப் போய் இந்த வீட்டு நம்பருக்கு ஒரு தடவை அடித்துப் பார்ப்பது. இரண்டு தடவை மணி அடிக்கட்டும். யாரும் எடுக்க மாட்டார்கள். லைன் போகிறதா என்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும்.